நர்ஸம்மா கேட்ட பக்கத்து இடம்

பட்டணத்தில் சட்டசபைக் கூட்டங்களையும் கார்ப்பரேஷன் கூட்டங்களையும் நிருபர்கள் பெஞ்சில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிய மனிதர்கள் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். நாற்காலி பறந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உயர்ந்த கைகளை நம்ப முடியாமல் நான் இரண்டு தடவை எண்ணியது ஒரே ஒரு கூட்டத்தில்தான். அது திருத்தணியில், மிஷன் பள்ளிக்கூடத்தின் ஓடு வேய்ந்த கொட்டகையில் நடந்த கல்லறைத் தோட்டச் சங்கக் கூட்டம்.

யுத்த காலம். காகிதக் கட்டுப்பாட்டால் எங்கள் பத்திரிகையின் பக்கங்கள் பாதியாகிவிட்டன. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, ஊருக்குப் போய் சித்தூர் ஜில்லாச் செய்திகளை அனுப்பச் சொன்னார். சுருக்கமாக அனுப்பு என்பதை இரண்டு தடவை சொன்னார். ஊர் வந்து சேர்ந்த வாரமே சங்கத்தின் செயலாளர் வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை அந்த வேலையைப் பார்த்த என் சித்தப்பா ராணுவக் கணக்கு ஆபீசில் உத்தியோகம் கிடைத்துப் புனாவுக்குப் போய்விட்டார். பேப்பரில் எழுதுகிறவன் மினிட்ஸ் எழுதமாட்டானா என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆர்.கே.பேட்டை போகும் சாலையில் சப்பாத்திக்கள்ளி வேலி போட்ட ஒரு துண்டு நிலம். மிஷன் அதை எங்கள் புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்தது. தனி ஆள் பேரில் எழுதினால் அவர் பிள்ளைகள் பாகம் பிரித்துவிடுவார்கள் என்று, மிஷனில் இருந்த துரைசானி ஒருவர் யோசனை செய்து, ஒரு சங்கத்தைப் பதிவு செய்து அதன் பேரில் நிலத்தை வைத்தார். லாபம் பார்க்காத சங்கம். அதற்குச் சட்டத்தில் ஒரு ஆளுக்கு உள்ள உரிமைகள் உண்டு: சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். சாகத்தான் முடியாது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. செத்தவர்களைப் பார்த்துக்கொள்ள, சாகாத ஒரு ஆள்.

அந்த ஆளின் மூளை என்றால் அது தலைவர்தான். தாலுகா ஆபீசில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் சிரஸ்தார் ஐயா என்பார்கள். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத கோட்டு. சங்கத்தின் விதிகள் அவருக்கு மனப்பாடம். அடக்கம் செய்ய வந்தவர்கள் குழியை அரை அடி நகர்த்தி வெட்டிவிட்டால், ஜெபம் முடியும்வரை காத்திருந்து, பிறகு அது எந்த விதிப்படி தப்பு என்று சொல்வார்.

நான் செயலாளரான சில நாட்களில் நர்ஸம்மா என் வீட்டுக்கு வந்தார். ஊரில் பிரசவம் பார்க்கிறவர். ஜட்காவிலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பித்து, உள்ளே வந்து உட்காரும்போது பாதி விஷயத்தை முடித்திருந்தார்.

"பேப்பர்கார தம்பி, உங்க சங்கத்துல எனக்கு ஒரு காரியம் ஆவணும். எங்க வூட்டுக்காரர் பக்கத்துல ஒரு ஆள் படுக்கற இடம் காலியா கீது. அது எனக்கு வேணும்."

அவர் கணவர் அரக்கோணம் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். எங்கள் சபைக்காரர். விஷக் காய்ச்சலில் இறந்து எங்கள் தோட்டத்தில் அடக்கமானவர். நர்ஸம்மா கத்தோலிக்கர். கல்யாணத்துக்குப் பிறகும் நர்ஸம்மா தம் கோயிலுக்குப் போனார், கணவர் எங்கள் கோயிலுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஜட்காவில் ஏறி, இரண்டு வாசல்களில் இறங்குவார்கள். சங்கத்து விதியோ தெளிவாக இருந்தது. தோட்டத்தில் உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும்தான் இடம். குடும்பத்தார் என்றால் இதே சபையைச் சேர்ந்தவர்கள்.

"விதி அப்படி இல்லையேம்மா" என்றேன்.

"விதி எனக்கும் தெரியும். மாத்துங்கன்னுதான் கேக்கறேன். நான் செத்தப்புறம் பொணத்தை வாசல்ல போட்டுகினு நீங்க கூட்டம் போடுவீங்க. அப்ப நான் எழுந்து வந்து பேச முடியுமா? அதான் இப்பவே வந்துட்டேன்."

"உங்க சாமியார் ஒத்துக்குவாரா?"

"ஆங், அவரைத்தான் மொதல்ல கேட்டேன். எங்களை ஜெபம் பண்ணி மந்திரிச்ச மண்ணுலதான் பொதைக்கணும். தோட்டம் பூரா மந்திரிக்க மாட்டாராம். என் குழியை மட்டும் மந்திரிச்சுத் தரேன்னுட்டார். அந்தப் பக்கம் முடிஞ்சுது. இனிமே நீங்கதான்."

"எங்க சபையிலேயே சேர்ந்துட்டா சுலபமா முடியுமே?"

"அவரு உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் அதைக் கேக்கல. நீங்க கேக்கறீங்க பாருங்க."

மனுவை எழுதி வாங்கிக்கொண்டேன்.

சிரஸ்தார் ஐயா மனுவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு இதுல சம்மதம் இல்லை. ஒரு வார்த்தையைத் தொட்டா நிலத்தையே மிஷன் திருப்பிக் கேட்கும். ஆனா மனு முறையா வந்திருக்கு. அதனால கூட்டத்துல வைக்கணும். வைங்க." விதியை மாற்ற, வந்திருப்பவர்களில் ஐந்தில் மூன்று பங்கு பேர் கை தூக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து இன்னொரு கூட்டம் போட்டு, அதே அளவு கைகள் அதை உறுதி செய்ய வேண்டும். எந்தக் கூட்டமும் செல்ல, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேராவது நேரில் இருக்க வேண்டும்.

நர்ஸம்மா ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். செயலாளர் என்ற முறையில் நான் கூடப் போயிருக்கக் கூடாது. நிருபர் என்ற முறையில் போகாமல் இருக்க முடியவில்லை. ஜட்காவில் அம்மையார்குப்பம் போனோம். நூல் கட்டுப்பாட்டில் பாதித் தறிகள் சும்மா கிடந்த சமயம். நூல் கிடைத்த ஒரு வீட்டில் எங்கள் சபை நெசவாளி ஒருவர் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, தறி நாடாவை நிறுத்தாமலே பேசினார்.

"என் மூணு பசங்களும் நர்ஸம்மா கையிலதான் பொறந்துச்சு. நான் கை தூக்காம போவேனா?"

"உன் அண்ணன் வேணாம்னு கீறாராமே?" என்றார் நர்ஸம்மா.

"அவரு வேற, நான் வேற."

ஆர்.கே.பேட்டையில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த எங்கள் சபைக்காரர் இவ்வளவு சுலபமாக இல்லை. நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே பேசினார். "கத்தோலிக்குக்குத் தனியா தோட்டம் கீதில்ல? அங்க போறது. எங்களுதுல எங்களுக்கே எடம் பத்தல."

"உங்களுக்கு எடம் கீதா?" என்றார் நர்ஸம்மா.

"எனக்கு இன்னா இப்ப அவசரம்?"

"அப்ப உங்களுது காலியாத்தானே கீது. அதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறிக்கொண்டார். மண்டிக்காரரின் மனைவி கதவுக்குப் பின்னால் சிரித்தது எங்கள் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும்.

எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் எப்போதும் ஆடிக் கிருத்திகையன்றுதான். வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதமாகப் படும். காரணம் சாதாரணமானது. அன்று தறி ஓடாது, மண்டி திறக்காது, வண்டிகள் எல்லாம் திருத்தணியைப் பார்த்துத்தான் வரும். முருகனைப் பார்க்க வருகிறவர்களோடு எங்கள் கிராமத்துக் குடும்பங்களும் வண்டியில் ஏறி வந்து, மலையடியில் பிரிந்து பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். கொல்லைப்புறத்தில் பெண்கள் ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பார்கள். கொட்டகையில் ஆண்கள் கூட்டம் நடத்துவார்கள்.

அன்றைக்குச் சாலை முழுக்கப் புஷ்பக் காவடி. ஒவ்வொரு கூட்டம் கடக்கும்போதும் பம்பையும் அரோகராவும் கொட்டகையை நிரப்பும். தலைவர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, சத்தம் தேய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். நர்ஸம்மா உறுப்பினர் இல்லை என்பதால் வாசற்படிக்கு வெளியே நின்றார். நான் மனுவைப் படித்தேன். மண்டிக்காரர் எதிர்த்துப் பேசினார். தலைவர் ஓட்டுக்கு விட்டார்.

ஓட்டு என்றால் தலைக்கட்டுக்கு ஒரு கை. எங்கள் பக்கத்தில் ஏரி மராமத்தோ, திருவிழாவோ, சாவு வீட்டு வேலையோ எதுவாக இருந்தாலும் கணக்கு தலைக்கட்டுத்தான். வீட்டில் கல்யாணமான ஆண் ஒருவர் இருந்தால் அது ஒரு தலைக்கட்டு. விதவை வீடு என்றால் மகனோ மைத்துனரோ கை தூக்குவார். சங்கம் தொடங்கியது முதல் அப்படித்தான். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதில் 'மெம்பர்' என்று வரும் இடமெல்லாம் தலைக்கட்டு என்றுதான் எங்கள் கண் படித்தது.

கைகள் உயர்ந்தன. நான் எண்ணினேன். தறிக்குழியில் வாக்குக் கொடுத்த நெசவாளி, தன் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை முழங்கால் மேலேயே வைத்துக்கொண்டார். இரண்டு கைகள் குறைந்தன. தீர்மானம் தோற்றது என்று தலைவர் சொன்னார். வாசலில் நர்ஸம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அப்போதுதான் பின்வாசலில் அந்த நெசவாளியின் மனைவி கரண்டியோடு வந்து நின்றார். சோறு போடலாமா என்று கேட்க வந்தவர். கணவனின் கையையும் வாசலில் நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முடிஞ்சிடுச்சா? எங்களைக் கேக்கவே இல்ல?"

சிரிப்பு எழுந்தது. "நீ போய் குழம்பைப் பாரும்மா" என்றார் ஒருவர்.

"குழம்பு எங்கியும் போவாது. நானும் மெம்பர்தானே? கல்யாணம் ஆன புதுசுல துரைசானி எங்களை எல்லாம் இதே கொட்டாயில வரிசையா நிக்க வெச்சு கையெழுத்து வாங்கல? நான் அன்னிக்குத்தான் மொதமொதல்ல என் பேரை எழுதினேன். 'இனிமே நீங்களும் சங்கம்'னு சொன்னாங்க."

அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பெண்கள் வந்து நின்றார்கள். "ஆமா, நானும் போட்டேன்." "நான் கைநாட்டு வெச்சேன்." "அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு ஊசிநூல் டப்பா குடுத்தாங்களே, ஞாபகம் இல்ல?"

மண்டிக்காரர் எழுந்தார். "அது சும்மா மரியாதைக்கு வாங்கின கையெழுத்து."

தலைவர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். அவருக்கு மனப்பாடமான பக்கம்தான். இருந்தும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். வெளியே ஒரு காவடி வந்து, ஆடி, நகர்ந்து போனது. புத்தகத்தை மூடி, "கூட்டத்தை ஒத்தி வைக்கிறேன். எல்லாரும் சாப்பிடுங்க" என்றார். அவர் சாப்பிடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேரே மலையடிவாரத்தில் இருந்த வக்கீல் வீட்டுக்கு நடந்தார்.

வக்கீல் தெலுங்குக்காரர். கிருத்திகைக்கு வந்த உறவினர்களுக்கு நடுவில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார். விதிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பக்கம் திரும்பத் திரும்ப அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"சிரஸ்தார்காரு, கையெழுத்துப் போட்ட வயசு வந்தவங்க எல்லாரும் மெம்பர்னு கிளியரா இருக்கு. ஆம்பளைன்னு எங்கயும் இல்லை. உங்க தலைக்கட்டு எத்தனை?"

"நாற்பது."

"கையெழுத்துப் போட்டவங்க?"

"உயிரோட இருக்கறவங்க தொண்ணூத்தாறு."

"அதுல மூணுல ஒரு பங்கு முப்பத்திரண்டு. இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"இருபத்தேழு" என்றேன் நான்.

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். "அய்யய்யோ, அப்போ நீங்க இன்னிக்குக் கூட்டமே போடலை! பாதி மெம்பருக்கு அறிவிப்பே கொடுக்காததால போன வருஷமும் போடலை! என்னைக்குமே போடலை! அந்தம்மா தீர்மானம் தோக்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை."

"அப்போ நான் தலைவரே இல்லை" என்றார் சிரஸ்தார் ஐயா.

"சரியான கூட்டம் ஒண்ணு போட்டு, பழசை எல்லாம் ஏத்துக்கிட்டதா ஒரு தீர்மானம் போட்டா நீங்க மறுபடியும் தலைவர்."

திரும்பி வரும்போது காவடிக் கூட்டத்தில் இடிபட்டு அவர் கோட்டெல்லாம் சந்தனம் ஒட்டியிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. அவர் இதை மூடி மறைத்துவிடுவார் என்று நினைத்தேன். இத்தனை வருடச் சங்கம் காகிதத்தில் சரிந்து கிடக்கிறது. நர்ஸம்மாவின் மனுவில் அவருக்குச் சம்மதமும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும்.

மறுநாள் காலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு கட்டு அறிவிப்பு. ஒவ்வொரு பெண்ணின் பேருக்கும் தனித் தாள், தமிழில், அவரே எழுதியது.

"ஒவ்வொருத்தர் கையிலயும் நாமே கொடுக்கணும். வீட்டுக்காரர் கையில கொடுத்தா அது அறிவிப்பு ஆகாது."

நான் பத்திரிகையில் சேர்ந்த முதல் நாள்கூட அப்படி ஒரு சுறுசுறுப்பு எனக்கு இருந்ததில்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் என்று அலைந்தோம். களை எடுக்கும் வயலின் வரப்பில், கிணற்றடியில், தறிப் பாவு ஓடும் தெருவில் கொடுத்தோம். தங்கள் பேர் எழுதிய தாள் வந்தது பலருக்கு அதுவே முதல் தடவை. படிக்கத் தெரியாதவர்கள் படித்தவர்களிடம் தங்கள் பேர் இருக்கும் இடத்தை மட்டும் காட்டச் சொல்லி, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தார்கள். ஆர்.கே.பேட்டையில் மண்டிக்காரர் கையை நீட்டினார்.

"எங்கிட்ட குடுங்க. நான் குடுத்துடறேன்."

"உமக்கு உம்முடையது வந்தாச்சு. உம் வீட்டம்மாவைக் கூப்பிடும்" என்றார் தலைவர்.

புரட்டாசியில் போட்ட புதுக் கூட்டத்தன்று பெண்கள் சமைக்கவில்லை. வெல்லம் போட்ட அவலும் வாழைப்பழமும் போதும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். கோயிலில் உட்காருவதுபோல ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். கொட்டகை பிதுங்கியது. தலைவர் முதலில் பழைய தீர்மானங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்கும்படி கேட்டார்.

"மொத்தமான்னா?" என்றது வலப்பக்கத்துக் குரல். கரண்டியோடு வந்த அதே நெசவாளியின் மனைவி. "ஒண்ணொண்ணா படிங்க. காதுல கேட்டுட்டுத்தான் கை தூக்குவோம்."

படித்தேன். வேலியில் ஆடு மேய்க்கக் கூடாது. சிரிப்போடு கைகள் உயர்ந்தன. கேட்டுக்குத் தார் பூச வேண்டும். பூசவே இல்லையே என்று ஒரு குரல். அதற்கும் கைகள் உயர்ந்தன. பிறகு ஒரு பழைய தீர்மானத்தைப் படித்தேன்: ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுக்கள் வேலிக்கு வெளியே அடக்கம் செய்யப்பட வேண்டும்.

இடப்பக்கம் சில கைகள் வழக்கம்போல எழுந்தன. வலப்பக்கம் ஒரு கைகூட எழவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்தக் கள்ளிக்கு அந்தப் பக்கம் கிடந்தன என்று வாசலில் நின்ற நர்ஸம்மாவுக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்திருந்த ஆண்களின் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. "இது ஏற்கப்படவில்லை" என்றார் தலைவர். நான் அதை எழுதினேன்.

அதன் பிறகு நர்ஸம்மாவின் தீர்மானம். உறுப்பினரின் கணவனோ மனைவியோ எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் குடும்பத்தாரே. உறுப்பினர் இறந்த பிறகும் அந்த உரிமை போகாது. தலைவர் தம் கருத்தைச் சொன்னார்: எதிர்ப்பு. காரணங்களையும் சொன்னார். பிறகு தம் கையையும் எதிராகவே தூக்கினார். ஆனால் வலப்பக்கம் கிட்டத்தட்ட முழுக்க ஆதரவாக எழுந்தது. தன் மனைவியைப் பார்த்துவிட்டு நெசவாளியும் இந்தத் தடவை அண்ணனைப் பார்க்காமல் தூக்கினார். வேண்டியதற்கு மேலேயே கைகள் இருந்தன. கூச்சலில் ஓடு பெயர்ந்துவிடும்போல இருந்தது.

ஆனால் பாதிக் காரியம்தான் முடிந்தது. ஒரு மாதம் கழித்து அதை உறுதி செய்ய வேண்டும். அங்கேதான் வந்தது வினை. வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். ஐப்பசி மழை வேறு. கூட்ட நேரத்துக்குக் கொட்டகையில் என்னையும் தலைவரையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். வாசல் மாமரத்தடியில் மண்டிக்காரரும் இன்னும் ஐந்து பேரும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே வரவில்லை. வந்தால் தலை எண்ணிக்கை கூடும். வராவிட்டால் கூட்டம் கலையும், தீர்மானமும் அதோடு போகும். பட்டணத்துக் கார்ப்பரேஷனில் நான் பார்த்த அதே தந்திரத்தை மல்லாட்டை மண்டி தானாகவே கண்டுபிடித்துவிட்டது.

"ஒரு மணி நேரம் காத்திருக்கணும். அதுக்குள்ள எண்ணிக்கை சேரலைன்னா கலைச்சுடணும்" என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

நர்ஸம்மா மழையில் சாலைக்கும் வாசலுக்குமாக நடந்தார். "பொம்பளைங்க எல்லாம் பள்ளிப்பட்டு பஸ்ஸுல வராங்கன்னு சொல்லி அனுப்பினாங்க தம்பி. அந்தக் கரி பஸ்ஸை நம்ப முடியுதா?" யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களுக்குப் பின்னால் அடுப்புக்கரி டிரம் மாட்டியிருந்தார்கள். கரி நனைந்தால் பஸ் நின்றுவிடும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும்.

நேரம் போனது. "இன்னும் கால் மணி" என்றார் தலைவர். கடிகாரத்தை அவர் ஒரு நொடியும் ஏமாற்றமாட்டார் என்பது எனக்குத் தெரியும். மாமரத்தடியில் யாரோ பீடி பற்ற வைத்தார்கள்.

அப்போது சாலைத் திருப்பத்தில் பஸ்ஸின் மூக்கு தெரிந்தது. ஆனால் ஓடி வரவில்லை, நடந்து வந்தது. பின்னால் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு, பெண்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிளீனர் பையன் டிரம்மின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே ஓடி வந்தான். நர்ஸம்மா கத்தினார்: "பஸ்ஸை அங்கியே வுட்டுட்டு ஓடியாங்கடி!"

அவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நான் வாசலில் நின்று உரக்க எண்ணினேன். இருபத்தி மூன்று, நான்கு, ஐந்து... முப்பத்தொன்றில் நின்றது. ஒருவர் மட்டும் வாசலில் நின்றுவிட்டார். மண்டிக்காரரின் மனைவி. மாமரத்தடியில் கணவரைப் பார்த்துவிட்டார்.

"இன்னா பாவா, உள்ள போவாம இங்க நின்னுகினு கீற?"

"நீ இங்க வா. உள்ள போவாத."

"ஏன்?"

"நான் போனா எண்ணிக்கை சேர்ந்துடும்டி."

"அப்ப நான் போனா?"

அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் சேற்றுக் காலோடு படியேறி உள்ளே போனார். "முப்பத்திரண்டு!" என்று நான் கத்தினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு செயலாளர் அப்படிக் கத்தக்கூடாது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இருக்கு. கூட்டம் ஆரம்பம்."

எண்ணிக்கை சேர்ந்ததும் மாமரத்தடி ஆட்கள் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போடத்தான். சிலர் அவர்களைத் தடுக்கப் பார்த்தார்கள். "அவங்களும் உறுப்பினர். வழி விடுங்க" என்றார் தலைவர். பிறகு கைகள். ஆதரவுக் கைகளை நான் இரண்டு தடவை எண்ணினேன்; முதல் தடவை எண்ணியதை என்னாலேயே நம்ப முடியவில்லை. முப்பத்தெட்டு பேரில் இருபத்தொன்பது. மண்டிக்காரரின் மனைவி கணவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கையை மற்றவர்களைவிட உயரமாகத் தூக்கியிருந்தார். தலைவரின் கை மறுபடியும் எதிர்ப்பில். தீர்மானம் உறுதியானது என்று அறிவித்ததும் அவர்தான். நர்ஸம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார், உடனே சிரித்தார். பிறகு, பஸ்ஸைத் தள்ளியவர்களுக்குக் காப்பி யார் போடப் போகிறீர்கள் என்று அதட்டினார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் இடத்தை அளக்கத் தோட்டத்துக்குப் போனோம். வேறு யாரையும் அனுப்பாமல் சிரஸ்தார் ஐயாவே அளவு நாடாவோடு வந்தார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் பிடித்தார். நர்ஸம்மா கணவரின் சிலுவைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நாடா நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"எனக்கு எதிரா ரெண்டு தடவையும் கை தூக்கினீங்களே ஐயா" என்றார்.

"தூக்கினேன். தோத்தேன். இப்போ இது சங்கத்தோட முடிவு. நான் சங்கத்தோட தலைவர்." அவர் குனிந்து நாடாவின் முனையில் ஒரு கல்லை வைத்தார். "அம்மா, கொஞ்சம் இப்படி நகருங்க. நீங்க நிக்கற இடம் அரை அடி உங்க வீட்டுக்காரர் பக்கம் போகுது."

"போவட்டுமே. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

தலைவர் நிமிர்ந்தார். விதி சொல்லப் போகிறார் என்று நான் நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் சிலுவையைப் பார்த்தார், நர்ஸம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, கல்லை எடுத்து, அரை அடி சிலுவைப் பக்கமாகவே தள்ளி வைத்தார்.